நிலத்தை விற்று வெளிநாடு போக வேண்டுமா? குழந்தையின் கண் புற்றுநோய் பற்றி ஒரு பதில்

உங்கள் அக்கா மகளுக்கு இரண்டரை வயது. இடது கருவிழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று காட்டப் போனதில் ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரைப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'குரூப் ஈ' என்று இருக்கிறது, வலது கண்ணில் ஒன்றுமில்லை. இடது கண்ணை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டில் கண்ணை எடுக்காமலே குணப்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊரில் இருக்கும் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்காவுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது. எனக்குப் புரிந்த வரையில், உங்கள் மனதை அரிப்பது பயணச் செலவு இல்லை. வசதியான நாட்டில் பிறந்திருந்தால் இந்தப் பிள்ளைக்குக் கண் தங்கியிருக்குமோ, இங்கே பிறந்ததால்தான் போகிறதோ என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர். தென் மாவட்டங்களில் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். உங்கள் குழந்தையின் கண்ணையோ எம்ஆர்ஐ படத்தையோ நான் பார்க்கவில்லை. அதனால் நேரில் பார்த்த டாக்டர் சொன்னதும் நான் எழுதுவதும் முரண்பட்டால், அவர் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடியான பதில். நிலத்தை விற்க வேண்டாம். ஒரு கண்ணில் மட்டும் நோய், அதுவும் குரூப் ஈ, மற்ற கண் நன்றாக இருக்கிறது என்றால், லண்டனிலும் டொராண்டோவிலும் கூடப் பெரும்பாலும் இதே முடிவைத்தான் எடுப்பார்கள். 'ஈ' என்றால் கட்டி கண்ணின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது, அல்லது கண்ணழுத்தம் ஏறுவது, உள்ளே ரத்தக் கசிவு போன்ற சேதங்கள் வந்துவிட்டன என்று பொருள். அந்தக் கண்ணை உள்ளேயே வைத்துக்கொண்டாலும் பயன்படும் அளவுக்குப் பார்வை திரும்புவது அரிது. நோய் கண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்ணை எடுத்துவிட்டால், மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அதோடு முடிந்துவிடும். இது ஏழைகளுக்கென்று வைத்த மட்டமான வைத்தியம் இல்லை. அக்காவிடமும் மாமாவிடமும் இதை முதலில் சொல்லுங்கள். ஏனென்றால் இந்த ஒரு சந்தேகத்தாலேயே குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்து மாதங்களைத் தொலைப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் ஒரு உண்மை இருக்கிறது. நாட்டுக்கு நாடு முடிவு மாறத்தான் செய்கிறது, மலைக்க வைக்கும் அளவுக்கு மாறுகிறது. 2017ஆம் ஆண்டில் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்ட 4,351 குழந்தைகளின் விவரங்களை 153 நாடுகளிலிருந்து திரட்டி ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். பணக்கார நாடுகளில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட வயது, நடுமதிப்பாக, 14 மாதம். மிக ஏழை நாடுகளில் 30 மாதம். நோய் கண்ணைத் தாண்டி வெளியே பரவிய பிறகு வந்த குழந்தைகள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை, மிக ஏழை நாடுகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது பணக்கார நாடுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் உயிருடன் இருந்தார்கள். மிக ஏழை நாடுகளில் சுமார் 57 சதவீதம். இந்தியா சேரும் கீழ்நடுத்தர வருமான வகையில் சுமார் 80.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மருந்திலிருந்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்த நோய்க்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் அடிப்படைக் கீமோ வின்கிரிஸ்டின், எட்டோபோசைடு, கார்போபிளாட்டின் என்ற மூன்றுதான். மூன்றும் பழைய மருந்துகள், மூன்றுக்கும் நம்மிடம் உள்நாட்டுத் தயாரிப்புகள் உண்டு. வித்தியாசத்தின் பெரும்பகுதி மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன்னாலும், கொடுத்து முடித்த பிறகும் நடக்கிற விஷயங்களில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ 16,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருகிற நோய் இது. இந்தியாவில் வருடத்துக்கு 1,500 குழந்தைகள் அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். அப்படியென்றால் ஒரு சிற்றூர் டாக்டர் தன் பணிக்காலம் முழுவதும் ஒரு குழந்தையைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அபூர்வ நோயின் முதல் சிக்கலே இதுதான். தாய் "ராத்திரி லைட் வெளிச்சத்துல கண்ணு பளபளங்குது" என்கிறாள். டாக்டர் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார், ஒன்றும் தெரியவில்லை. கண்பாவை சுருங்கியிருக்கும்போது தெரியாது என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. சொட்டு மருந்து எழுதிக்கொடுக்கிறார். வீட்டில் பெரியவர்கள் கண்ணில் பூ விழுந்திருக்கு என்று சொல்லி நந்தியாவட்டைச் சாறு விடுகிறார்கள். மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சந்தோஷப்படும் வீடுகளும் உண்டு. கருவிழியில் வெள்ளை தெரிவதற்கு அடுத்தபடியாக இந்த நோய் தன்னைக் காட்டிக்கொள்வது மாறுகண்ணாகத்தான். மாறுகண்ணுள்ள குழந்தைகளில் மிகச் சிலருக்கே இது புற்றுநோயாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ஒருமுறை கண்பாவையை விரித்து உள்ளே பார்க்காமல் 'சரியாகிவிடும்' என்று விடக்கூடாது.

இப்போதெல்லாம் என்னிடம் வரும் தாய்மார்கள் செல்போனோடுதான் வருகிறார்கள். ஒரு அம்மா பிறந்தநாள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். கேக் வெட்டும்போது ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் இருந்தது. அதற்கு முந்தைய பொங்கல் படத்திலும் அப்படியே. அந்த வீட்டில் எல்லோரும் பார்த்த படங்கள்தான், யாருக்கும் அதன் அர்த்தம் தெரிந்திருக்கவில்லை. ஃபிளாஷ் படத்தில் கண் வெள்ளையாகத் தெரிவதற்குப் பிறவிக் கண்புரை உட்பட வேறு காரணங்களும் உண்டு, படம் எடுத்த கோணத்தாலும் அப்படி விழலாம். ஆனால் இன்னொரு படத்திலும் அதே கண் அப்படியே இருந்தால், அதே வாரம் கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இதை மக்களிடம் கொண்டுபோனால் பலன் உண்டா என்றால், உண்டு. ஹோண்டுராஸ் நாட்டில் தடுப்பூசி முகாம்களோடு சேர்த்து இந்த ஒரு செய்தியை மட்டும் பரப்பினார்கள். கண்ணுக்கு வெளியே பரவிய பிறகு வரும் குழந்தைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைந்தது. தடுப்பூசிக்குக் குழந்தையைக் கூட்டிவராத வீடு நம் மாநிலத்தில் மிகக் குறைவு. ஊசி போடும் கிராம செவிலியரே ஒரு டார்ச் லைட்டும் இரண்டு கேள்வியுமாக இதைச் செய்துவிடலாம். இது ஏன் எல்லா இடத்திலும் வழக்கமாகவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

அடுத்தது, கண்டுபிடித்த பிறகு போகிற நாட்கள். கண்ணை எடுக்க வேண்டும் என்று சொன்னதும் அறையில் ஒரு அமைதி விழும். பிறகு பெரும்பாலும் அப்பத்தாதான் பேசுவார்: "பொம்பளப் புள்ளைங்க டாக்டர், நாளைக்கு யாரு கட்டிக்குவா?" அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்துவதில்லை. பல வருடம் முன்னால் கண் எடுத்து, இப்போது கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணின் அம்மாவைப் பேச வைப்பேன். நான் அரைமணி நேரம் விளக்குவதைவிட அது வேலை செய்கிறது. உங்கள் அக்காவும் அதே மருத்துவமனையில் அப்படி யாராவது இருந்தால் சந்திக்க வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

"முதலில் கீமோ கொடுத்துப் பார்ப்போம், கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். இங்கே கவனம் தேவை. நோய் கண்ணுக்கு வெளியே வந்துவிட்ட குழந்தைக்கும், கண் வீங்கிப் புடைத்துவிட்ட குழந்தைக்கும் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுப்பதுதான் சரி. ஆனால் கண்ணுக்குள் அடங்கிய, முற்றிய நோயில் கீமோ கொடுத்துக் கண் எடுப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் ஆபத்து. 2011இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, அப்படித் தள்ளிப்போட்ட குழந்தைகளில் நோய் பரவி இறந்தவர்கள் அதிகம் என்று காட்டியது. கீமோ கட்டியைச் சுருக்குவதோடு, எடுத்த கண்ணைப் பரிசோதிக்கும்போது தெரிய வேண்டிய பரவல் அடையாளங்களையும் மறைத்துவிடும். இன்னொன்று, எந்தக் காரணத்துக்காகவும் கண்ணுக்குள் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கச் சம்மதிக்காதீர்கள். மற்ற புற்றுநோய்களுக்கு பயாப்ஸி அவசியம், இதற்கு அப்படி இல்லை. ஊசி போன வழியாகவே நோய் வெளியே வரக்கூடும்.

எடுத்த கண்ணுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் குழந்தையின் மீதிச் சிகிச்சையைத் தீர்மானிப்பது அதுதான். அறுவை செய்பவர் பார்வை நரம்பை முடிந்தவரை நீளமாக, 15 மில்லிமீட்டர் அளவுக்காவது, சேர்த்து எடுக்க வேண்டும். கண் உடனே, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போய், இந்த நோயைப் பார்த்துப் பழகிய பேத்தாலஜி டாக்டரின் கைக்குப் போக வேண்டும். நரம்பில் எவ்வளவு தூரம் கட்டி போயிருக்கிறது, நரம்பை வெட்டிய முனை சுத்தமாக இருக்கிறதா, கண்ணின் நடு உறையான கோராய்டில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவியிருக்கிறதா என்பதையெல்லாம் அவர் சொன்னால்தான் கீமோ வேண்டுமா வேண்டாமா என்று எங்களால் முடிவெடுக்க முடியும். வேறெங்கோ அறுவை முடித்து என்னிடம் வந்த ஒரு குழந்தையின் ரிப்போர்ட்டில் 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்ற ஒரே சொல்தான் இருந்தது, நரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கண்ணின் திசுவை வைத்துப் பார்த்த கண்ணாடித் தகடுகளைத் திருப்பிக் கேட்டபோது அவை கிடைக்கவில்லை. தேவையா இல்லையா என்று தெரியாமலே அந்தக் குழந்தைக்கு ஆறு சுற்றுக் கீமோ கொடுக்க வேண்டியதாயிற்று. வசதியின்மை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

கீமோ வேண்டும் என்று வந்தால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமாக ஆறு சுற்று. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கிறது, புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் சேரும். மருந்துச் செலவை இது பெருமளவு தாங்கிவிடும். தாங்காதது வேறு. அப்பாவுக்குக் கூலி போகிறது, அம்மா கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று தவிக்கிறாள், ஐந்து மணி நேர பஸ், வாடகை அறை, சாப்பாடு. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு குழந்தை நன்றாக விளையாடத் தொடங்கிவிடும். வீட்டில் 'சரியாயிருச்சே' என்று நினைத்துவிடுவார்கள். தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் சிகிச்சையைக் கைவிட்டதாகக் கணக்கு. நோய் திரும்பி வரும்போது பெரும்பாலும் மூளைத் தண்டுவட நீரிலோ எலும்பு மஜ்ஜையிலோ இருக்கும், அப்போது எங்கள் கையில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கும். வார்டில் சமூகப் பணியாளர் ஒருவர், தேதி தவறினால் அன்றே ஒரு போன், ஊர் போய்வரக் காசு, தங்க ஒரு இடம் என்று இருந்தால் கைவிடுவது நன்றாகக் குறைகிறது. சேர்க்கும்போதே அந்த மருத்துவமனையில் சமூகப் பணியாளர் யார் என்று கேட்டு அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கீமோ எடுக்கும் குழந்தையை வீட்டில் வைத்திருக்கும்போது ஒரே ஒரு விதி: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. கீமோ போட்ட இரண்டாவது வாரத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மூடிவைத்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே வினையாகலாம். நோயால் இல்லாமல் கிருமித் தொற்றால் குழந்தைகளை இழப்பது நம்மைப் போன்ற இடங்களில் அதிகம், சத்துக் குறைந்த குழந்தைகளில் இன்னும் அதிகம். பக்கத்து அரசு மருத்துவமனையில் இரவு பன்னிரண்டு மணிக்கு நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் போடுவார்களா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் டாக்டர் கைப்பட எழுதிய ஒரு கடிதம் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பணம் உண்மையிலேயே வேலை செய்கிற இடங்களும் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. இரண்டு கண்ணிலும் நோய் உள்ள குழந்தைக்கு ஒரு கண்ணையாவது காப்பாற்றப் போராடியாக வேண்டும். தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயிலேயே மெல்ஃபலான் மருந்தைக் கொடுக்கும் முறை அதற்கு உதவும். இதைச் செய்யக்கூடிய இடங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன, ஆனால் குறைவு, செலவும் பெரும்பாலும் லட்சக் கணக்கில். அந்தக் குழந்தைகளுக்கு மாதா மாதம் மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பரிசோதித்து, லேசரோ குளிர்ச் சிகிச்சையோ கொடுக்க வேண்டும். விடியற்காலையிலிருந்து பால்கூடக் குடிக்காமல் பட்டினி கிடந்த குழந்தையை, மயக்க மருந்து டாக்டர் அவசர சிசேரியனுக்குப் போய்விட்டார் என்று மதியம் திருப்பி அனுப்பும் நாட்கள் உண்டு. அடுத்த தேதிக்குள் கட்டி வளர்ந்திருக்கும். மற்ற அபூர்வக் குழந்தைப் புற்றுநோய்களிலும் ஒரே கதை இல்லை. ஈரல் கட்டியான ஹெப்பட்டோபிளாஸ்டோமாவில், ஆபத்துக் குறைந்த வகைக்கு சிஸ்பிளாட்டின் என்ற ஒரே மலிவான மருந்தும் நல்ல அறுவையும் இருந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள் என்று ஐரோப்பிய ஆய்வு காட்டியது. நரம்புச் செல்களில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா முற்றிவிட்டால் அப்படியில்லை. ஸ்டெம் செல் மாற்று, நோயெதிர்ப்பு மருந்துகள் என்று போகும் அந்தச் சிகிச்சையின் கடைசிக் கட்டம் நம் குடும்பங்களில் மிகப் பெரும்பாலோருக்கு எட்டாது. அங்கே பணம்தான் தடை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஆரம்பித்த திட்டத்தின் இலக்கு, 2030க்குள் உலகெங்கும் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 60 சதவீதத்தினராவது பிழைக்க வேண்டும் என்பது. அதற்கு முன்னுரிமை கொடுத்த ஆறு நோய்களில் ரெட்டினோபிளாஸ்டோமாவும் ஒன்று. இருக்கிற மருந்தை வைத்தே குணப்படுத்தக்கூடிய நோய் என்பதால்தான் அந்த இடம்.

மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கண்ணைக் காப்பாற்றுவதில் தமனி வழிக் கீமோ, சாதாரண கீமோவைவிட முன்னே நிற்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் பார்வை போய்விட்ட ஒரு 'ஈ' கண்ணுக்காக, மறு கண் நன்றாக இருக்கும் குழந்தையிடம் அதை முயலலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சில மையங்கள் முயல்கின்றன. அது கண்ணுக்குள் மட்டுமே வேலை செய்யும், ஏற்கனவே வெளியே நழுவிய செல்களைத் தொடாது. பரிசோதனைக்குத் திரும்ப முடியாத தூரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கண்ணை எடுத்த பிறகு கோராய்டில் மட்டும் ஊடுருவல் இருந்தால் கீமோ தேவையா என்பதிலும் ஒருமித்த பதில் கிடையாது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்திலுள்ள சல்லடை போன்ற லேமினாவைத் தாண்டிக் கட்டி போயிருந்தால் கீமோ கொடுக்க வேண்டும் என்பதில் பெரும்பாலும் யாருக்கும் தயக்கமில்லை. கதிர்வீச்சு முன்பு நிறையக் கொடுத்தார்கள். பரம்பரை வகை நோயுள்ள குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் எலும்புப் புற்றுநோய் போன்ற வேறு புற்றுநோய்கள் வரும் வாய்ப்பை அது கூட்டுவதால், இப்போது வேறு வழியே இல்லாதபோதுதான் கொடுப்போம்.

கண் எடுத்த பிறகான விஷயங்கள் எளியவை. அறுவையின்போதே குழிக்குள் ஒரு உருண்டை வைத்துத் தைத்துவிடுவார்கள், முகம் சீராக வளர அது வேண்டும். ஆறு வாரம் கழித்து, மறு கண்ணின் நிறத்துக்குப் பொருத்தமாகச் செயற்கைக் கண் வைக்கலாம். குழந்தை வளர வளர அதை மாற்ற வேண்டியிருக்கும். ஒரு கண்ணோடு குழந்தைகள் வியக்கத்தக்க வேகத்தில் பழகிவிடுவார்கள், படிப்பும் விளையாட்டும் நிற்காது. மிச்சமுள்ள கண்ணைக் காப்பாற்ற, பவர் இல்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியை எப்போதும் போட்டுவிடுங்கள். அந்தக் கண்ணையும் டாக்டர் சொல்லும் தேதிகளில் தவறாமல் பரிசோதிக்க வேண்டும், பின்னாளில் அதிலும் நோய் வரலாம்.

கடைசியாக அந்த ஐந்து மாதக் குழந்தை. இந்த நோய்க்குக் காரணம் ஆர்பி1 என்ற மரபணுவில் வரும் கோளாறு. இரண்டு கண்ணிலும் நோய் வந்தால் அது உடம்பு முழுக்க உள்ள, அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடிய வகை. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் சுமார் 15 சதவீதத்தினருக்கு அப்படி இருக்கும். அம்மா கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலோ, கிரகணம் பார்த்ததாலோ வருவதில்லை. அக்காவை யாராவது அப்படிக் குத்திப் பேசினால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். கைக்குழந்தையின் இரண்டு கண்ணையும் பாவையை விரித்து இந்த வாரமே பார்த்துவிட வேண்டும். அக்கா, மாமா இருவரின் கண்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது, தானாகவே அடங்கிப்போன கட்டியின் தழும்பு பெரியவர்களிடம் சில சமயம் இருக்கும். பிறகு, அறுவைக்கு முன்பே கண் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: எடுத்த கட்டியில் ஒரு சிறு துண்டை, பேத்தாலஜிக்குத் தேவையானதைக் கெடுக்காமல், ஃபார்மலினில் போடாமல் மரபணுப் பரிசோதனைக்கு எடுத்து வைக்க முடியுமா என்று. சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். கட்டியில் இருக்கும் கோளாறு அக்கா மகளின் ரத்தத்தில் இல்லை என்று வந்துவிட்டால், தம்பிப் பாப்பாவோ தங்கச்சிப் பாப்பாவோ மாதா மாதம் மயக்க மருந்துக்குப் படுக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் இருந்தால், அதே கோளாறு கைக்குழந்தைக்கும் இருக்கிறதா என்று ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். இருந்தால், ஆரம்பத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை கண்ணைப் பார்ப்பார்கள், வயது ஏற ஏற இடைவெளி கூடும். அந்த நிலையில் கண்ணில் கட்டி தோன்றினால்கூட, கடுகளவில் இருக்கும்போதே லேசரில் சுட்டுவிட முடியும்.